கணினி ஓவியம் வரைய வேண்டுமென்றால் கண்ணைப் படிக்க வேண்டும்

எங்கள் ஆச்சியின் பழைய புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. திண்ணையில் ஒரு கயிற்றுக் கட்டில், அதன் ஓரத்தில் ஆச்சி, பின்னால் காரை பெயர்ந்த சுவர், சுவரில் ஒரு காலண்டர். அதை ஸ்கேன் செய்து, ஃபோனில் இருந்த ‘ஆயில் பெயின்டிங்’ ஃபில்டரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நொடியில் படம் வந்துவிட்டது. மூலைக்கு மூலை புழு ஊர்ந்த மாதிரித் தடங்கள். ஆச்சியின் கன்னத்திலும் அதே தடம், காரைச் சுவரிலும் அதே தடம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “மழையில நனைஞ்ச போட்டோ மாதிரில்லா இருக்கு” என்றாள்.

அம்மா சொன்னது சரி. தூரிகைத் தடம் இருக்கிறது, எண்ணெய் வண்ணத்தின் பளபளப்புக்கூட இருக்கிறது, ஆனால் அது ஓவியம் இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்கப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் விழுந்தேன். கணினி வரைகலையில் இதற்கென்றே ஒரு கிளை இருக்கிறது. புகைப்படம் போலத் தத்ரூபமாக வரைவதை விட்டுவிட்டு, ஓவியம் போல, கோட்டுச் சித்திரம் போலக் கணினியை வரைய வைப்பது அதன் வேலை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதில் உழைத்தவர்களில் பலர் கடைசியில் வந்து நின்ற இடம் தூரிகையோ வண்ணமோ அல்ல, மனிதக் கண்.

முதலில் அந்த ஃபோன் ஃபில்டர் என்ன செய்தது என்று பார்த்துவிடலாம். இந்த வகை ஃபில்டர்கள் பலவும் செய்வது எளிய வேலை. படத்தின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் எந்த நிறம் அதிகமோ அதை எடுத்து அப்புவது. இதற்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று உண்டு, குவஹாரா ஃபில்டர் என்று பெயர். புள்ளியைச் சுற்றி நான்கு கட்டங்களைப் பார்த்து, எதில் நிறம் அதிகம் மாறாமல் சீராக இருக்கிறதோ அதன் சராசரியை எடுத்துக்கொள்ளும். 1976ல் அது பிறந்தது இதயத்தின் மருத்துவப் படங்களில் உள்ள வேண்டாத புள்ளிச் சிதறல்களைக் குறைப்பதற்காக. ஓவியம் போல இருக்கிறதே என்று பிறகு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் பொதுவான குணம், பாரபட்சமே இல்லாமல் எல்லாப் புள்ளியையும் ஒரே மாதிரி நடத்துவது. நல்ல ஓவியன் அப்படி நடத்துவதில்லை. அவனுடைய கண்ணும் அப்படி நடத்துவதில்லை.

கண் கேமரா இல்லை

ஒரு சின்னச் சோதனை. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விரல் நகத்தையே பாருங்கள், பார்வையை அங்கிருந்து நகர்த்தக் கூடாது. இப்போது விரலுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறதா? அங்கே ஏதோ எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்பது தெரியாது. நாம் உண்மையிலேயே கூர்மையாகப் பார்க்கிற இடம் சுமார் 2 டிகிரி அகலம்தான்; நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தைவிட அதிகம் பெரியதல்ல. மற்றதெல்லாம் மங்கல். அந்த மங்கல் நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் கண் நொடிக்கு மூன்று முறை போல இடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே மங்கல் என்று பார்க்கப் போனால் அதற்குள் அந்த இடம் தெளிந்துவிடுகிறது.

விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம், இருட்டில் வேலை செய்யும் கோல் செல்கள் சுமார் 12 கோடி. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் 10 லட்சம் போலத்தான். ஆக, வாசலிலேயே வடிகட்டல் நடக்கிறது. எதை அனுப்புவது, எதை விடுவது என்று விழித்திரையே முடிவு செய்கிறது.

எந்த அடிப்படையில்? 1953ல் ஸ்டீபன் குஃப்லர் பூனையின் விழித்திரையில் அளந்து காட்டினார். அங்கிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் செல் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வட்டத்தைக் கவனிக்கிறது. வட்டத்தின் நடுவில் வெளிச்சம் விழுந்தால் துடிக்கும். சுற்றி உள்ள வளையத்தில் விழுந்தால் அடங்கும். இதற்கு நேரெதிராக நடந்துகொள்ளும் செல்களும் உண்டு. நடுவிலும் வளையத்திலும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துபோய்விடும், செல் பேசாமல் இருக்கும். ‘இங்கே எவ்வளவு வெளிச்சம்’ என்பதைவிட ‘இங்கே பக்கத்தைவிட எவ்வளவு வித்தியாசம்’ என்பதைத்தான் கண் மூளைக்குச் சொல்கிறது. நடுப்பகல் வெயிலில் கிடக்கும் கரித்துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, வீட்டுக்குள் மேசை மேல் இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வருவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். ஆனாலும் கரி நமக்குக் கறுப்பு, தாள் வெள்ளை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் நாம் எதையும் பார்க்கிறோம்.

அடுத்த படி தற்செயலாகக் கிடைத்தது. 1958 வாக்கில் பால்டிமோரில், டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில் பார்வைப் பகுதிச் செல் ஒன்றில் மின்முனையை வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லில் வரைந்த புள்ளிகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்காகச் செல் அசையவில்லை. சில்லை மாற்றிச் செருகும்போது திடீரென்று படபடவென்று துடித்தது. புள்ளி காரணமில்லை, சில்லின் ஓரம் திரையில் போட்ட மெல்லிய நிழல்கோடுதான் காரணம். அந்தக் கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தால் மட்டும் அந்தச் செல் துடிக்கும். மூளையில் விளிம்புக்கென்று, அதுவும் ஒவ்வொரு சாய்வுக்கென்று, தனித்தனிச் செல்கள் இருக்கின்றன. 1981ல் இருவருக்கும் நோபல் பரிசு. நான்கு கோட்டில் ஒரு முகம் வரைந்தால் அது முகமாகத் தெரிவதற்கு இதில் ஒரு பகுதி விளக்கம் இருக்கிறது: உலகத்தில் முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு கிடையாது, ஆனால் மூளை முகத்தைக் குறித்துக்கொள்வது கிட்டத்தட்ட அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமும் நிறமும் மூளையில் பெருமளவு வேறு வேறு வழியில் கையாளப்படுகின்றன. உருவம், ஆழம், அசைவு ஆகியவற்றை வெளிச்ச வித்தியாசத்தில்தான் பெரும்பாலும் பிடிக்கிறோம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872 என்று தேதியிட்ட துறைமுக விடியல் ஓவியம் பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்தின் பெயரே அதன் தலைப்பிலிருந்துதான் வந்தது. அதில் செம்மஞ்சள் சூரியன் தகதகவென்று துடிக்கும். அந்தப் படத்தை ஃபோனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். வானத்தின் வெளிச்சமும் சூரியனின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்று. நிறம் மட்டும்தான் வேறு. நிறம் பார்க்கும் வழிக்கு அது பளிச்சென்று தெரிகிறது, இடத்தைக் குறிக்கும் வழிக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் அது ஓரிடத்தில் நிற்காமல் மினுங்குவது போலிருக்கிறது என்று நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்குகிறார். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் யாரும் அரை நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

கணினிக்கும் இது வேண்டியிருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாக உள்ள படத்திலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுக்க மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் கண்ணுக்கு ஒத்துவராது. இன்றைய எச்.டி. திரைகளுக்கான கணக்கில் பச்சைக்கு 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. இந்த எண்கள் மனிதக் கண்ணை வைத்து வந்தவை. ஓவிய மென்பொருளின் முதல் வரியிலேயே கண் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓவியர்களுக்கு இதெல்லாம் வேறு வழியில் முன்பே தெரியும். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்புச் சாயம் சரியில்லை, கறுப்பு சோகையாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. இதிலிருந்து தொடங்கி 1839ல் அவர் எழுதிய நிற ஒப்பீட்டு நூல் அடுத்த தலைமுறை ஓவியர்களின் கையில் புழங்கியது.

கணினி கையில் தூரிகை

சரி, கணினி. 1990ல் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் இருந்த பால் ஹேபர்லி செய்தது ரொம்ப எளிமையானது, அதனாலேயே அழகானது. திரையில் வெறும் கேன்வாஸ். பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு புகைப்படம். மவுஸால் எங்கே தொடுகிறோமோ, அந்த இடத்தில் புகைப்படத்தின் நிறம் என்னவோ அந்த நிறத்தில் ஒரு தீற்றல் விழும். நிறம் கணினியின் பொறுப்பு. எங்கே தொடுவது, எவ்வளவு பெரிய தூரிகை என்பது ஆளின் பொறுப்பு. முகத்தில் சின்னச் சின்னதாகத் தொட்டு, பின்னணியை நாலு பட்டையில் முடிக்கலாம். எதை விடுவது என்ற முடிவு இன்னும் மனிதரிடமே இருந்தது.

அந்த ஆளையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1998ல் ஏரன் ஹெர்ட்ஸ்மன் ஒரு வழி சொன்னார். அவருடைய முறை இன்றும் இதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்களுக்கு முதல் பயிற்சி. ஆச்சி படத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் படத்தை நன்றாக மங்கலாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிவது போல: ஒரு பழுப்புச் சுவர், ஒரு வெள்ளைச் சேலை, ஒரு கரிய முகம். இதைப் பார்த்துத் தடித்த தூரிகையால் கேன்வாஸ் முழுவதும் நிரப்ப வேண்டும். தூரிகையின் ஆரம் 8 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் படத்தைக் கொஞ்சம் குறைவாக மங்கலாக்கி, கேன்வாஸோடு ஒப்பிட வேண்டும். எங்கெல்லாம் வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டுகிறதோ அங்கே மட்டும் 4 பிக்சல் தூரிகை. மறுபடி ஒப்பிட்டு, இன்னும் போதாத இடத்தில் மட்டும் 2 பிக்சல். பெரிய தூரிகையே போதும் என்ற இடத்தில் சின்னத் தூரிகை வராது. பெரும்பாலான ஓவிய ஆசிரியர்கள் சொல்லித்தருவதும் இந்த வரிசைதான்: பெரிய உருவம் முதலில், நுணுக்கம் கடைசியில்.

தீற்றல் எந்தப் பக்கம் போக வேண்டும்? படத்தில் வெளிச்சம் எந்தத் திசையில் வேகமாக மாறுகிறதோ, அதற்குச் செங்குத்தாக. பானைக்கு வண்ணம் பூசுகிறவர் வாயைச் சுற்றித்தான் தூரிகையை ஓட்டுவார், விளிம்பைக் குறுக்கே வெட்டமாட்டார். அதே காரணம். ஹெர்ட்ஸ்மன் தீற்றலை நேர்கோடாக விடாமல், ஒவ்வொரு அடியிலும் திசையைப் பார்த்துத் திரும்பி வளைந்து போக வைத்தார். சேலை மடிப்பு மடிப்பாகவே வந்தது.

நான் பைதான் நிரல்மொழியில் இதை எழுதி ஆச்சி படத்தைக் கொடுத்தேன். ஃபோன் ஃபில்டரைவிட நூறு மடங்கு தேவலாம். ஆனால் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. 2 பிக்சல் தூரிகை அதிகம் உழைத்த இடம் ஆச்சியின் முகம் இல்லை, கயிற்றுக் கட்டில்! பின்னிய கயிறு, இடையில் இருட்டு, மறுபடி கயிறு, மறுபடி இருட்டு. வித்தியாசம் எங்கே அதிகம் என்றால் அங்கேதான் அதிகம். அடுத்தது காரை பெயர்ந்த சுவர். ஆச்சியின் முகம் சுருக்கம் நிறைந்ததுதான், ஆனால் நிழலில் இருக்கிறது. மென்மையான மாற்றங்கள், வரம்பைத் தாண்டுவதில்லை. கணினியைப் பொறுத்தவரை ஆச்சி ஒரு சுமாரான கரும்பரப்பு, கட்டில்தான் கதாநாயகி.

பார்த்தவர் எதைப் பார்த்தார்

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பிடித்தவர்கள் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த டக் டிகார்லோவும் ஆண்டனி சாண்டெல்லாவும். 2002ல் அவர்கள் செய்தது இது. புகைப்படத்தை ஒருவருக்கு ஐந்து நொடி போலக் காட்டுவார்கள். அவர் சும்மா பார்த்தால் போதும். கண்ணின் மேல் அகச்சிவப்பு ஒளியை விட்டு, அது கருவிழியில் பட்டுத் திரும்புவதை வைத்துப் பார்வை எங்கே விழுகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கருவி பதிந்துகொள்ளும். அந்த ஐந்து நொடிப் பதிவை வைத்துப் படத்தைச் சுருக்குவது கணினியின் வேலை.

சுருக்குவது எப்படி? படத்தைப் பல அளவுகளில் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு மரம் போல அடுக்கிக்கொள்வார்கள். ‘ஆள்’ என்பது ஒரு பெரிய துண்டு. அதற்குள் ‘முகம்’, ‘சேலை’. முகத்துக்குள் ‘கண்’, ‘உதடு’. கணினிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, நிறத்தையும் பரப்பையும் வைத்துப் பிரிக்கும். பிறகு ஒவ்வொரு துண்டையும் பார்த்துக் கேள்வி கேட்கும்: அந்த ஐந்து நொடியில் இந்த ஆள் பார்வை நின்ற இடங்களிலிருந்து, இந்தத் துண்டு அவருக்குத் தனியாகத் தெரிந்திருக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கண்ணின் கணக்கு தேவைப்படுகிறது. ஒரு நுணுக்கம் கண்ணுக்குத் தெரிவது மூன்று விஷயத்தைப் பொறுத்தது: அது எவ்வளவு சிறியது, பக்கத்தோடு எவ்வளவு வேறுபடுகிறது, பார்வையின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது. சுங்குடிச் சேலையின் புள்ளிகள் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றாய்த் தெரியும். தெருவின் எதிர்ப்பக்கத்தில் அதே சேலையைக் கட்டிக்கொண்டு ஒருவர் போனால் ஒரே நிறமாகத்தான் தெரியும். எந்த அளவுள்ள புள்ளிக்கு எவ்வளவு வேறுபாடு இருந்தால் கண் பிடிக்கும் என்பதைப் பார்வை ஆய்வாளர்கள் கோடு கோடான பட்டைகளைக் காட்டிப் பல்லாண்டுகளாக அளந்து வைத்திருக்கிறார்கள். பார்வை மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக அந்தத் திறன் எப்படி விழுகிறது என்பதும் அளந்ததுதான். அந்த வரைபடத்தை அப்படியே எடுத்துத் துண்டுகளுக்கு மார்க் போட்டார்கள். தெரிந்திருக்கும் என்றால் துண்டு தங்கும். தெரிந்திருக்காது என்றால் பெரிய துண்டோடு கரைந்துவிடும்.

கடைசியில் தட்டையான வண்ணப் பரப்பும் தடித்த கோடுகளுமாகப் படம் வரும். பார்த்தவருடைய கண் நின்ற முகத்தில் இமைகூட இருக்கும். அவர் திரும்பியே பார்க்காத மரம் ஒரே பச்சைத் திட்டாகிவிடும். இரண்டாண்டு கழித்து அந்தப் படங்களையே வேறு ஆட்களுக்குக் காட்டி அவர்களுடைய கண்ணையும் அளந்தார்கள். படம் முழுவதையும் ஒரே அளவில் எளிமையாக்கினால் ஆட்கள் பார்க்கும் இடம் பெரிதாக மாறவில்லை. இடம் பார்த்து எளிமையாக்கியபோது பார்வை நுணுக்கமுள்ள இடங்களில் குவிந்தது. என் ஃபோன் ஃபில்டருக்கும் ஓவியத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

கனடாவில் ஸ்டீவ் டிபாவோலாவும் கூட்டாளிகளும் 2010ல் இதையே டச்சு ஓவியர் ரெம்பிராண்டிடம் கொண்டுபோனார்கள். ரெம்பிராண்ட் தன் முதிர்ந்த கால உருவப்படங்களில் ஒரு கண்ணைத் தெளிவாகவும் மற்ற இடங்களை அவசரத் தீற்றலாகவும் விட்டிருப்பார். புகைப்படங்களை எடுத்து, அவர் பாணியில் கணினியால் தீட்டி, நுணுக்கத்தை இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பார்ப்பவர்களின் பார்வை நுணுக்கமுள்ள கண்ணுக்குச் சீக்கிரம் போனது, அங்கே அதிக நேரம் தங்கியது. நாம் எங்கே பார்க்க வேண்டும் என்பதை ரெம்பிராண்ட் தூரிகையாலேயே நடத்திக்கொண்டு போனார் என்ற பழைய பேச்சுக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது.

எல்லார் வீட்டிலும் கண்ணளக்கும் கருவி கிடையாது. அதற்கு மாற்று, கண் எங்கே போகும் என்று கணித்துச் சொல்லும் மாதிரி. 1998ல் லாரன்ட் இட்டி, கிறிஸ்டோஃப் காக், எர்ன்ஸ்ட் நீபர் மூவரும் வெளியிட்டது இதில் பிரபலம். நிறம், வெளிச்சம், சாய்வு என்று மூன்றிலும் எந்த இடம் சுற்றத்தைவிடத் தனித்து நிற்கிறது என்று கணக்கிட்டு, ஒரு கவர்ச்சி வரைபடம் போட்டுத் தரும். நூறு வெள்ளைப் பூக்களில் ஒரு சிவப்புப் பூ இருந்தால் சரியாகப் பிடித்துவிடும். முகம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. பிறகு வந்தவர்கள் முகத்தைக் கண்டறியும் நிரலையும் சேர்த்து ஒட்டினார்கள்.

கோடு போடுகிற கதை இதற்குப் பக்கத்து வீடு. குஃப்லரின் நடு-வளையச் செல் நினைவிருக்கிறதா? அதைக் கணினியில் இரண்டே வரியில் செய்யலாம். படத்தைக் கொஞ்சமாக மங்கலாக்கி ஒன்று, அதிகமாக மங்கலாக்கி ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சீரான இடமெல்லாம் பூஜ்யமாகி, விளிம்புகள் மட்டும் எழுந்து நிற்கும். 2006ல் ஹோல்கர் வின்னமோலர், ஸ்வென் ஓல்சன், புரூஸ் கூச் மூவரும் இதை வைத்துக் கறுப்புக் கோடு போட்டார்கள். கோடுகளுக்கு நடுவே உள்ள பரப்பைத் தன் நிறத்தை ஒத்த அண்டை வீட்டாரோடு மட்டும் கலக்கும் ஃபில்டரால் வழுவழுப்பாக்கினார்கள், வெளிச்சத்தைச் சில படிகளாக வெட்டினார்கள். ஓடும் வீடியோவிலேயே கார்ட்டூன் வந்துவிட்டது. இன்று ஃபோனில் ‘காமிக்’ என்று வரும் ஃபில்டர்களின் தோற்றம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அவர்கள் சோதித்ததில் ஒரு சுவாரசியம்: தெரிந்த முகங்களின் பெயரைச் சொல்லச் சொன்னால், புகைப்படத்தைவிட இப்படி எளிமையாக்கிய படத்தில் ஆட்கள் வேகமாகச் சொன்னார்கள்.

குறைத்ததைப் பார்த்து மூளை ஏன் வேகமாக அடையாளம் காண வேண்டும்? தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1999ல் முன்வைத்த கருத்து இங்கே பேசப்படுவதுண்டு. சதுரத்தை விட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தெடுக்க எலிக்குப் பழக்கினால், பழகிய நீள்சதுரத்தைவிட இன்னும் நீளமானதைக் காட்டும்போது எலி அதற்குத்தான் பாயும். எலி கற்றது ஒரு வடிவத்தை அல்ல, ‘எது வித்தியாசம்’ என்பதை. வித்தியாசத்தை மிகைப்படுத்தினால் மூளை இன்னும் பலமாகத் துடிக்கிறது என்பது அவர்கள் வாதம். கேலிச்சித்திரத்துக்கும் அதுதான் காரணம் என்றார்கள். கூடவே காட்டிய உதாரணம் சோழர் கால வெண்கலப் பார்வதி. இடையை ஒடுக்கி, இடுப்பை வளைத்து, பெண் உடலின் வித்தியாசங்களை ஒரு படி ஏற்றி வார்த்தது. கலைக்கெல்லாம் இது ஒன்றே சூத்திரம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எலியையும் சிற்பியையும் ஒரே தராசில் வைப்பது கொஞ்சம் அதிகம். கோட்டுச்சித்திரத்துக்குப் பொருந்துகிறது, அதுவரை சரி.

நியூரல் நெட்வொர்க் வந்த பிறகு

2015ல் ஜெர்மனியின் டியூபிங்கனில் லியான் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெத்கே மூவரும் செய்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், பெயர் தெரியாவிட்டாலும். உங்கள் ஊர்ப் படத்தை வான்கோ பாணிக்கு மாற்றித் தரும் செயலிகள் அதிலிருந்து கிளைத்தவை. ஒரு படத்தில் நாயா, பூனையா, காரா என்று ஏராளமான படங்களைப் பார்த்து அடையாளம் காணப் பழகிய நிரல், அதாவது நியூரல் நெட்வொர்க் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அதன் அடுக்குகளில் விளிம்பு, கோணம், திட்டு என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கண்டறிவான்கள். ஒரு ஓவியத்தில் எந்தக் கண்டறிவானோடு எது சேர்ந்து துடிக்கிறது என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எங்கே துடித்தது என்பதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ‘நீலச் சுழியோடு மஞ்சள் தீற்றல் சேர்ந்தே வருகிறது’ என்பது மட்டும் பாணி. அது எந்த மூலையில் என்பது பாணி இல்லை.

இந்த யோசனையும் வானத்திலிருந்து விழவில்லை. மணல், புல், துணி போன்ற பரப்புகளை மூளை எப்படிச் சுருக்கி வைத்துக்கொள்கிறது என்ற பார்வை ஆய்விலிருந்து வந்தது. 2000ல் ஹாவியர் போர்ட்டியாவும் ஈரோ சிமொன்செல்லியும் இத்தகைய கணக்கை மட்டும் வைத்துப் பரப்புகளை மறுபடி உருவாக்கிக் காட்டியிருந்தார்கள். நம் ஓரப்பார்வையும் கிட்டத்தட்ட அப்படித்தான் வேலை செய்கிறது என்ற கருத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு. வேப்பமரத்தை ஓரக்கண்ணால் பார்க்கும்போது இலைகளை எண்ணுவதில்லை. ‘இலையாக இருக்கிறது’ என்ற செய்தி மட்டும் போகிறது.

கேட்டிஸ் முறையில் ஆச்சி படத்தைக் கொடுத்தேன். அசந்துபோனேன், அரை நிமிடத்துக்கு. பிறகு பார்த்தால் அதே பழைய வியாதி. சுழிகள் வானத்துக்குப் பொருத்தம். ஆச்சியின் மூக்கிலும் சுழி. எங்கே என்பதைத் தூக்கி எறிந்த கணக்குக்கு மூக்கும் மேகமும் ஒன்றுதான்.

கடைசியில் ஹெர்ட்ஸ்மன் முறைக்கே திரும்பினேன், ஒரு சின்ன மாற்றத்தோடு. எங்கே 2 பிக்சல் தூரிகை போகலாம் என்று ஒரு தனிப் படம் வரைந்து கொடுத்தேன். வெள்ளை அடித்த இடத்தில் நுணுக்கம், கறுப்பில் பெரிய தூரிகை மட்டும். முகத்துக்கும் கட்டிலைப் பிடித்திருக்கும் கைக்கும் வெள்ளை. கட்டில், சுவர், காலண்டர் எல்லாம் கறுப்பு. படம் நன்றாகவே வந்தது. கட்டில் நான்கு பழுப்புப் பட்டைகளில் முடிந்துவிட்டது, ஆச்சி நம்மைப் பார்த்தாள்.

அம்மா பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பாம்படத்தை எங்க?” என்றாள்.

நான் முகத்துக்கு வட்டம் போட்டபோது காது வெளியே போய்விட்டது. தொங்கும் காதும் பாம்படமும் 8 பிக்சல் தீற்றலில் கரைந்து சுவரோடு சேர்ந்திருந்தன. அம்மாவுடைய கண் முதலில் போன இடம் அதுதான். ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இதை 1960களிலேயே எழுதி வைத்திருந்தார். ரேப்பின் வரைந்த ஓவியம் ஒன்று: நாடுகடத்தப்பட்டவன் எதிர்பாராமல் வீடு திரும்பி வாசலில் நிற்கிறான். அதை ஒரே ஆளுக்கு வெவ்வேறு கேள்வியோடு காட்டினார். இவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டால் கண் முகங்களைச் சுற்றியது. வசதியான குடும்பமா என்று கேட்டால் மேசை நாற்காலிகளுக்கும் துணிமணிக்கும் போனது. ஒரே படம், ஒரே கண், பாதை மட்டும் முற்றிலும் வேறு. அம்மா ஆச்சி படத்தைப் பார்க்கும்போது மனதில் என்ன கேள்வி வைத்திருக்கிறாள் என்பது எந்தக் கவர்ச்சி வரைபடத்திலும் இல்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

இரண்டு காதுக்கும் வெள்ளை அடித்து மறுபடி ஓட்டினேன். பாம்படத்தின் தங்கப் பளபளப்புக்கு ஏழெட்டுச் சின்னத் தீற்றல் போதுமாக இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இப்பதான் எங்கம்மா” என்றாள். பிறகு, “அந்தக் காலண்டர்ல தேதி தெரியும்லா, அதையும் கொஞ்சம் தெளிவாப் போட்டுரேன். எந்த வருசம் எடுத்ததுன்னு பாக்கணும்.”

கட்டில் கயிற்றைக் கேட்பதற்குள் கணினியை மூடிவிட்டேன்.